மண்டியிட்டு எடுத்த அளவு

“கில்ட் தையல், தொடக்க நிலை மாலை வகுப்பு. நம் பாரம்பரிய உடையின் மீது தீராத காதல் கொண்ட எல்ஸ்பெத் கார்கில், தன் கைவண்ணத்தாலும் இனிய பேச்சாலும் எல்லையற்ற பொறுமையாலும் உங்களை வழிநடத்துவார். தேநீர், நட்பு, நிதானம். கவலைகளை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்!”

குளிர்கால வகுப்புகளுக்கான நகராட்சிக் கையேட்டில், முதியோர் நீச்சலுக்கும் நாய் பழக்கும் வகுப்புக்கும் நடுவே இப்படி அச்சாகியிருந்தது. இதில் நம்பத்தகுந்தவை அவருடைய பெயரும் தேநீரும்தான். தேநீரும் நாமே போட்டுக்கொள்ள வேண்டியது.

பாரம்பரியத்தின் மீது எல்ஸ்பெத்துக்குக் காதல் எதுவும் கிடையாது. வருடம் முழுக்க மழை பெய்யும் ஊரில் கில்ட் என்று கம்பளிப் பாவாடையைச் சுற்றிக்கொண்டு முழங்காலை மட்டும் வெளியே விடுகிறவனுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்பது அவருடைய கட்சி. அவருடைய கணவர் லாரி ஓட்டியவர். கல்யாணத்தன்று அவரைக் கால்சட்டைதான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியவர் மணப்பெண். இனிய பேச்சைப் பற்றிப் பின்னால் வரும். கைவண்ணம் என்று எழுதியவர் அந்தக் கைகளைப் பார்த்ததில்லை. மூட்டுவாதத்தில் விரல்கள் வேர் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன. பிரீக்கின் நகரத்தில் தையல் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாளால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

ஒரு காலத்தில் முடிந்தது. பள்ளியை விட்டதும் பட்டாளத்துக்குக் கில்ட் தைக்கும் பட்டறையில் சேர்ந்தார். பட்டறை மூடியதும் டண்டீயில் கில்ட் வாடகைக்கு விடும் ஒரு கடையின் பின்னறைக்குப் போனார். ஐம்பது வருடம் ஆண்களுக்குத் தைத்தார். ஒரு ஆணையும் பார்க்கவில்லை. ஆள் முன்பக்கம் வருவான், அவனுடைய அளவு மட்டும் துண்டுச் சீட்டில் பின்பக்கம் வரும். திங்கட்கிழமைகளில் கில்ட் திரும்பி வரும்போது சனிக்கிழமை அவன் எங்கே விழுந்தான், எதன் மேல் விழுந்தான் என்பதெல்லாம் கறையிலிருந்து தெரிந்துவிடும். முகம்தான் தெரியாது.

வகுப்பு செவ்வாய் மாலைகளில், ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான மேசைகள். எங்கள் முதுகுகளுக்கு ஏழு வயதில்லை. பள்ளி விட்டதும் வெப்பக் குழாய்களை அணைத்துவிடுவார்கள் என்பதால் எல்ஸ்பெத் மழைக்கோட்டைக் கழற்றவே மாட்டார். அக்டோபரில் முதல் நாள் அவர் ஆற்றிய வரவேற்புரை முழுவதும் இதுதான்:

“மார்ச்சுக்குள்ள யாரும் முடிக்கப் போறதில்ல. முடிச்சீங்கன்னா தப்பா முடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். உட்காருங்க.”

வருமான வரி அலுவலகத்தில் உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வு பெற்ற டோஷ் என்பவர் தனக்கே ஒரு கில்ட் தைத்துக்கொள்ள வந்திருந்தார். தன் துணியை விரித்து, அந்தக் கட்டங்களின் வரலாற்றை ஆரம்பித்தார்.

“மிசஸ் கார்கில், இந்தப் பச்சைக் கட்டம் எங்க வம்சத்துக்கே உரியது. எங்க முன்னோர்கள் இதைப் போட்டுக்கிட்டுத்தான்…”

“உங்க முன்னோருக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்திருக்கும். உங்களுக்கு இருக்கறது வயிறு. முதல்ல இடுப்பு எங்கன்னு கண்டுபிடிங்க, வம்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

எல்லோரும் சிரித்தோம். சிரிக்காதவள் ஒருத்தி, வில்மா. ஊர்க் கடைவீதியில் ரொட்டிக் கடையில் நிற்பவள்; வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள், காலணியில் மாவு. தன் கணவன் நோரிக்குத் தைக்க வேண்டும் என்றாள்.

நோரியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூரைக்குக் கல்பலகை வேய்பவன். பிரீக்கினில் ஒழுகாத வீடு எதுவோ அது நோரி ஏறிய வீடு. முந்தைய வசந்தத்தில் ஒரு நாள் சுத்தியல் அவன் கையிலிருந்து தானாக நழுவிக் கீழே விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தபோது மருத்துவமனைக்குப் போனான். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய் என்றார்கள். அதைக் குணப்படுத்துவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் மகள் எய்ல்சாவின் கல்யாணம் ஆகஸ்டில் நடப்பதாக இருந்தது. அதை ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமைக்கு இழுத்தார்கள். ஆகஸ்டில் மண்டபம் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நம்பியதாக எல்லோரும் தலையாட்டினோம்.

நோரி தன் வாழ்நாளில் போட்டதெல்லாம் வாடகைக் கில்ட். தன் கல்யாணத்துக்கும் வாடகை, தம்பி கல்யாணத்துக்கும் வாடகை. மகள் கையைப் பிடித்து நடத்திப்போகும் அன்றைக்காவது சொந்தமாக ஒன்று வேண்டும் என்றான். தைக்கும் கடைகளில் கேட்டபோது கோடைக்குள் கண்டிப்பாகத் தருவதாகச் சொன்னார்கள். கோடை அவர்களுக்கு உதவாது. எனவே வில்மா வகுப்பில் சேர்ந்தாள். சட்டைக்குப் பொத்தான் வைப்பதைத் தவிர அவளுக்கு வேறு தையல் தெரியாது.

கில்டின் நீளத்தை இங்கே மண்டியிட வைத்துத்தான் அளப்பார்கள். ஆள் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி நிமிர்ந்திருக்க, இடுப்பிலிருந்து தரைவரை நாடா. அதுதான் அளவு. நோரியால் வகுப்புக்கு வர முடியாது என்பதால் எல்ஸ்பெத்தே போனார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் காரில் போனோம். வழியெல்லாம் என் கார் நாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வில்மாவின் முகம் மாறியது.

“அவரால மண்டி போட முடியாதுங்க. சோபாவுல படுக்க வச்சு எடுத்துக்கலாமே?”

எல்ஸ்பெத் வாய் திறக்குமுன் நோரி சொன்னான்: “படுக்க வச்சுப் பெட்டிக்கு அளவெடுக்க வேற ஆள் வருவான் வில்மா. அவன் வேலையை நாம ஏன் கெடுக்கணும்? பிடி என்னை.”

சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கம்பளத்தில் முழங்கால் பட்டதும் மூச்சு வாங்கியது. எல்ஸ்பெத்தின் விரல்களுக்கு நாடா வழுக்கியது. நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

“கடைசியா இப்படி மண்டி போட்டப்ப இவ சரின்னு சொல்லிட்டா,” என்றான் நோரி. “அன்னிக்கும் எழுந்திரிக்கக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு நான் குடிச்சிருந்தேன்.”

“பேசாம இருங்க, அளவு மாறுது,” என்றார் எல்ஸ்பெத்.

அளந்தாயிற்று. நோரி எழ முயன்றான், எழ முடியவில்லை. இன்னொரு முறை முயன்றான். பிறகு வில்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடிக்க, எல்ஸ்பெத் பின்னால் இடுப்பில் கைகொடுக்க, மூவருமாகத் தூக்கி உட்கார வைத்தோம். திரும்பும்போது காரில் எல்ஸ்பெத் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “கூரை வேயறவன் இதைவிட கனமா இருக்கணும்.” என் காரின் நாற்றத்தைப் பற்றி அன்று அதற்குமேல் பேசவில்லை.

கில்டில் கஷ்டமெல்லாம் பின்பக்கத்து மடிப்புகளில்தான். புடவைக் கொசுவம் போலப் பிடித்துச் செருகிவிட முடியாது. ஒவ்வொரு மடிப்பிலும் துணியின் பெரும்பகுதி உள்ளே மறைந்துபோக, வெளியே ஒரு விரலகலம்தான் தெரியும். அந்த விரலகலங்களெல்லாம் சேர்ந்து மறுபடியும் அதே கட்டமாகத் தெரிய வேண்டும். தொடையிலிருந்து இடுப்புவரை ஒவ்வொன்றும் நூலளவு நூலளவாகக் குறுக வேண்டும். இடுப்பின் அளவு மாறினால் ஒன்றிரண்டு மடிப்பு அல்ல, அத்தனையும் மாறும்.

வில்மா தவறு செய்தது இங்கேதான். மற்றவர்கள் ஒருமுறை அளந்துவிட்டுத் தைத்துக்கொண்டு போனோம். அவள் செவ்வாய்தோறும் வகுப்புக்குக் கிளம்புமுன் நோரியின் இடுப்பை அளந்துகொண்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் அது குறைந்திருந்தது. உடனே உட்கார்ந்து, போன வாரம் தைத்ததை எல்லாம் பிரிப்பாள். வகுப்பு முடிவதற்குள் புது அளவில் மூன்று நான்கு மடிப்பு தைப்பாள். அடுத்த செவ்வாய் அதையும் பிரிப்பாள். கிறிஸ்துமஸ் வந்தபோது டோஷின் வயிற்றைச் சுற்றியே ஏதோ ஒன்று உருவாகிவிட்டிருந்தது. வில்மாவின் துணி மட்டும் துணியாகவே இருந்தது, பிரித்த இடமெல்லாம் பஞ்சு பூத்து.

நாங்கள் அன்பாக இருந்தோம். கேக் கொண்டுவந்தோம். “போன ஞாயித்துக்கிழமை ஜன்னல்ல பாத்தேன், நோரி நல்லாத்தான் இருக்கார்,” என்றோம். “இடுப்பு குறைஞ்சா என்ன, என் வீட்டுக்காரருக்குக் குறைய மாட்டேங்குதே,” என்றாள் ஒருத்தி. வில்மா எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே பிரித்தாள். எங்கள் அன்பால் ஒரு மடிப்புகூட நிற்கவில்லை.

ஜனவரியில் எல்ஸ்பெத் மறுபடி என் காரைக் கேட்டார். இந்த முறை நோரியை உட்கார வைத்தே இடுப்பை அளந்தார். அக்டோபரில் எடுத்தது அவர் தலையில் இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இத்தனை வாரத்தில் இவ்வளவு என்றால் ஈஸ்டருக்குள் எவ்வளவு என்று பார்ப்பது பள்ளிப்பிள்ளைக் கணக்கு. அந்த ஊரில் அதைப் போடத் தெரியாதவர் யாருமில்லை. போட முன்வந்தவரும் அதுவரை இல்லை.

அடுத்த செவ்வாய் வில்மா கத்தரியை எடுத்ததும் எல்ஸ்பெத் அவள் மேசைக்குப் போய் நின்றார். தனியாகக் கூப்பிட்டுப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. கூடமே கேட்டுக்கொண்டிருந்தது.

“பிரிக்காதே. இனிமே அளக்கவும் அளக்காதே.”

“இந்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்குங்க.”

“குறையும். நீ போன வாரத்து ஆளுக்குத் தைச்சுக்கிட்டிருக்கே. கல்யாணத்துக்கு வரப்போறது அந்த ஆள் இல்ல. முப்பது இஞ்சு வச்சுத் தை.”

“முப்பதா?” வில்மா நாடாவைக் கையில் சுற்றினாள். “அது எய்ல்சாவோட இடுப்புங்க.”

“இருக்கட்டும். ஈஸ்டருக்கு அவருக்கும் அதான்.”

“மருந்து மாத்தியிருக்காங்க. உடம்பு தேறலாம்னு சொன்னாங்க.”

“தேறட்டும். தேறினா நானே உன் வீட்டுக்கு வந்து பிரிச்சுத் தரேன், பல்லால கடிச்சாவது. இப்ப முப்பது.”

வில்மா எழுந்துகொண்டாள். “அவர் இன்னும் உயிரோடதான் இருக்கார்.”

“தெரியும். அதனாலதான் தைக்கறோம்.”

வில்மா துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். வாசலில், ஊசி குத்தாமலிருக்க அவள் மாட்டும் விரல் தொப்பி விழுந்து உருளும் சத்தம் கேட்டது. டோஷ் எழுந்து நின்றார். நிற்கும்போது அவருக்குப் பழைய அலுவலகம் வந்துவிடும்.

“மிசஸ் கார்கில், இதெல்லாம் ஒரு பேச்சா? நோயாளி வீட்டுப் பொம்பளை. நகராட்சிக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.”

“சொல்லுங்க. போறதுக்கு முன்னால உங்க மூணாவது மடிப்பைப் பிரிச்சுட்டுப் போங்க. கோணல்.”

அன்று எங்கள் எல்லோருக்கும் அவர் மேல் கோபம். மறுவாரம் வில்மா வரவில்லை. டோஷ் வசதியாக இருக்கட்டும் என்று அவளுடைய மேசையில் துணியை விரிக்கப் போனபோது எல்ஸ்பெத் ஒரு நாற்காலியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். வகுப்பு முடிந்து என் காரில் திரும்பும் வழியில், நோரி வீட்டுத் தெரு வந்ததும், “கொஞ்சம் மெதுவாப் போ. விளக்கு எரியுதா பாரு,” என்றார். எரிந்தது. “சரி, போ,” என்றார். அந்த இரண்டு வாரமும் அவர் சாதாரணமாக இருந்தார் என்று யாராவது சொன்னால் அவர்கள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதில்லை.

அதற்கடுத்த செவ்வாய் வில்மா வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. தன் மேசையிலிருந்த நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

“வீட்டுல போய் உங்களைத் திட்டித் தீர்த்தேன்,” என்றாள். “அவர் சிரிச்சார். ‘ஊரே நல்லா இருக்கே நல்லா இருக்கேன்னுது, நிலைக்கண்ணாடி மட்டும்தான் ஒத்துக்க மாட்டேங்குது. இப்ப கண்ணாடிக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு’ன்னார்.”

வில்மா துணியை மேசையில் விரித்தாள்.

“ஆனா முப்பது வேணாமாம். இருபத்தொன்பதரை வைக்கச் சொன்னார்.”

எல்ஸ்பெத் கோட்டுப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“முப்பதுதான். அவருக்குக் கூரை தெரியும், தையல் தெரியாது. கோடு போடு.”

மன்னிப்பு எதுவும் இரண்டு பக்கமும் கேட்கப்படவில்லை. அன்றைக்கு வில்மா தைத்தது அப்படியே நின்றது. அடுத்த வாரம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எல்ஸ்பெத் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு, தைக்க முடியாத கையால் காற்றில் காட்டிக்காட்டி, “இன்னும் உள்ளே… ரொம்பப் போகுது… கண்ணு எங்கே வச்சிருக்கே, ரொட்டிக் கடையிலயா?” என்று விரட்டினார். நீளத்தில் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு விரல் அதிகம் விடச் சொன்னார். டோஷால் அதைப் பொறுக்க முடியவில்லை.

“முழங்கால் நடுவுலதானே முடியணும்? காலங்காலமா அதுதானே முறை?”

“முறையெல்லாம் நிக்கிறவனுக்கு. உட்கார்ந்தா துணி மேல ஏறும். தொடை தெரிய உட்கார்ந்துதான் அவர் மகளை அனுப்பி வைக்கணுமா?”

நோரி அந்தச் சமயத்தில் சக்கர நாற்காலிக்கு மாறியிருந்தான். மடிப்பெல்லாம் முடிந்த துணியை வில்மா வீட்டுக்குக் கொண்டுபோன அன்று நானும் போயிருந்தேன். அவன் அதை மடியில் போட்டு, சரியாக வளையாத விரல்களால் ஒரு மடிப்பைத் தூக்கி உள்ளே பார்த்தான்.

“அட, எங்க வேலைதான் இது. வெளியில தெரியறது கொஞ்சம். பாதிக்கு மேல அடுத்த கல்லுக்கு அடியில போயிடும்.”

“எங்க வேலைல ஒழுகினா வெளியில தெரியாது,” என்றாள் வில்மா. ‘எங்க வேலை’ என்று அவள் சொன்னதை அவன் கவனித்தான். துணியைத் தடவிக்கொடுத்தான்.

கல்யாணத்தன்று காலை வில்மா அவனுக்குக் கில்டை உடுத்தினாள். வாரைக் கடைசித் துளைவரை இழுத்தும் இடுப்பில் தொய்ந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. பக்கிளின் தையலைப் பிரித்தாள், அரை அங்குலம் தள்ளி வைத்துத் தைத்தாள், இழுத்து மாட்டினாள். இருபத்தொன்பதரை.

தேவாலயத்தில் எய்ல்சா தந்தையின் தோளில் கைவைத்துக்கொள்ள, மருமகனின் தம்பி நாற்காலியைத் தள்ளினான். துணி முழங்காலை ஒழுங்காக மூடியிருந்தது. முன்பக்கம் எந்தக் கில்டையும் போலச் சாதாரணத் துணி. இரண்டு பருவம் தைத்துப் பிரித்துத் தைத்த மடிப்புகள் மொத்தமும் நோரிக்கு அடியில் இருந்தன. ஊரே திரண்டு வந்து பார்த்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

எல்ஸ்பெத் கடைசி வரிசையில் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது நோரி நாற்காலியை நிறுத்தச் சொன்னான். அப்போதே அவன் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

“உங்க மடிப்பு மேலதான் உட்கார்ந்திருக்கேன்மா. மெத்துன்னு இருக்கு.”

“என் மடிப்பு இல்ல. உங்க பொண்டாட்டியோடது.”

“அரை இஞ்சு தோத்துட்டீங்க.”

“தெரியும். வில்மா சொன்னா. இதுக்குத்தான் நிறுத்தினீங்களா? போங்க, போட்டோ எடுக்கக் காத்திருக்காங்க.”

மே மாதம், வேலியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தபோது, நோரி இறந்தான். அவனுக்கு அந்தக் கில்டையே உடுத்தினார்கள். உடுத்தியது வில்மா, சவ அடக்கக்காரர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டாள். பக்கிளை இன்னொரு முறை தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பெட்டியில் மல்லாந்து கிடந்தான். மடிப்புகள் மறுபடியும் அவனுக்கு அடியில்.

கல்லறையில் எல்லாம் முடிந்தபின் டோஷ் எல்ஸ்பெத்தின் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கில்ட் இன்னும் முடியாததால் கறுப்புக் கால்சட்டையில் வந்திருந்தார்.

“எவ்வளவு வேலை, மிசஸ் கார்கில். பின்பக்கத்தை ஒருத்தர்கூடப் பார்க்கலையே.”

“ஐம்பது வருஷம் ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் தைச்சேன். போட்டவன் ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்ல,” என்றார் எல்ஸ்பெத். “இவரைப் பார்த்தேன்.” பிறகு கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, கார் எங்கே நிற்கிறது என்று என்னைக் கேட்டார்.

அடுத்த குளிர்காலக் கையேடு வந்தது. நீச்சலுக்கும் நாய்க்கும் நடுவே அதே வாசகம், தீராத காதல், எல்லையற்ற பொறுமை, இனிய பேச்சு. வாசலில் விட்டுவிட்டு வர வேண்டிய கவலைகளும் அப்படியே இருந்தன. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், எதை எழுதுவது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

எல்ஸ்பெத் கார்கில் செய்தது இதுதான். சாகப்போகிற ஒருவன் தன் மகள் கல்யாணத்துக்குள் எவ்வளவு மெலிவான் என்று கணக்குப் போட்டார். அதை அவன் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னார். அந்த அளவுக்கு அவளைத் தைக்க வைத்தார். கணக்கில் அரை அங்குலம் தவறினார்.